திரைக்கு முன்னால் ஆள் வேண்டும்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

அடுத்த மாதம் முதல் அறுவை அரங்குகளில் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை மூன்று முறை படித்துவிட்டேன். நியூரோமானிட்டரிங், அதாவது அறுவையின்போது நரம்புகளைக் கண்காணிப்பது பற்றி அதில் இருப்பது மூன்றே வரிகள். ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு அறுவைகளை ஒரு தொழில்நுட்பர் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் அடுத்த அரங்கில் இருக்கும்போது கருவியின் எச்சரிக்கை மணியை அங்கிருக்கும் செவிலியர் கவனித்துக்கொள்வார். முதல் நாள் மாலைக்குள் அறுவை மருத்துவர் எழுத்தில் கேட்டால் மட்டுமே கண்காணிப்பு ஏற்பாடு செய்யப்படும்.

இந்த மூன்றையும் ஏற்க முடியாது என்று காரணங்களோடு இரண்டு குறிப்புகள் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

14 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். மூளையிலோ தண்டுவடத்திலோ கத்தி படும்போது, அந்த வழியாகப் போகும் நரம்புகள் நலமாக இருக்கின்றனவா என்று அறுவை முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. உங்களில் பெரும்பாலோர் அரங்குக்குள் வந்து இதைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் வந்து உட்கார்ந்திருந்தால் அந்த மூன்று வரிகளை எழுதியிருக்க மாட்டீர்கள். அதனால் அங்கே நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மயக்கத்துக்குப் போன நோயாளியால் எதுவும் சொல்ல முடியாது. கால் மரத்துப்போனால் சொல்ல மாட்டார். கையை எசகுபிசகாக வைத்துவிட்டால் இழுத்துக்கொள்ள மாட்டார். தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் குறைந்தால், இதயத் துடிப்போ விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப்போ அதைக் காட்டிக்கொடுக்காது. மானிட்டரில் எல்லா எண்களும் ஒழுங்காக இருக்கும், உள்ளே தண்டுவடம் செத்துக்கொண்டிருக்கும். பல மணி நேரம் கழித்துக் கண் விழிக்கும்போது 'காலை அசையுங்கள் பார்ப்போம்' என்று கேட்டால்தான் தெரியும். அப்போது தெரிந்து பெரும்பாலும் பயனில்லை.

இந்தக் கவலை புதிதல்ல. 1973இல் பிரான்சில் ஸ்டாக்னாராவும் அவருடைய குழுவினரும் ஒரு வழி சொன்னார்கள். முதுகைத் திறந்து வளைவை நிமிர்த்தியதும், மயக்கத்தைக் குறைத்து, நோயாளியை அரைகுறையாக எழுப்பி, கால் விரலை அசைக்கச் சொல்வது. வேக்-அப் டெஸ்ட் என்பார்கள். வேறு வழியில்லாதபோது இன்றும் அதைச் செய்கிறோம். ஆனால் அது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் சொல்லும். விரல் அசைந்தது, நல்லது, திரும்ப மயக்கியாயிற்று. அதற்குப் பத்து நிமிடம் கழித்து என்ன ஆனது என்று தெரியாது. அசையவில்லை என்றாலும், எப்போதிலிருந்து அசையவில்லை, எந்த ஸ்க்ரூ போட்டபோது ஆனது என்று தெரியாது.

அப்புறம் வந்தது எஸ்.எஸ்.இ.பி. என்ற உணர்ச்சிப் பாதைச் சோதனை. எழுபதுகளிலேயே முதுகெலும்பு அறுவைகளில் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்பில் சின்ன மின்துடிப்பு கொடுப்போம். அது தண்டுவடத்தின் பின்பக்கப் பாதை வழியே ஏறி, சுமார் 37 மில்லி விநாடியில் உச்சந்தலையில் ஓர் அலையாகத் தெரியும். மணிக்கட்டில் கொடுத்தால் சுமார் 20 மில்லி விநாடி. அந்த அலை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும், மூளையின் மற்ற மின் அலைகளுக்குள் முங்கிக் கிடக்கும். நூற்றுக்கணக்கான துடிப்புகளுக்கு வந்த விடைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் மேலே வரும். தொடக்கத்தில் இருந்த உயரத்தில் பாதியாகக் குறைந்தாலோ, வந்து சேரும் நேரம் 10 சதவீதம் நீண்டாலோ உடனே சொல்ல வேண்டும். இதை ஓடவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் சுற்றறிக்கை நியூரோமானிட்டரிங் என்று நினைத்திருப்பது இதை மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இது உணர்ச்சிப் பாதையை மட்டுமே பார்க்கிறது. கையையும் காலையும் அசைக்கச் சொல்லும் கட்டளை தண்டுவடத்தில் வேறு இடத்தில் இறங்குகிறது. தண்டுவடத்தின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ரத்தம் கொடுப்பது ஒற்றைக் குழாய். பின்பக்கத்துக்கு வேறு இரண்டு குழாய்கள். முன்பக்கக் குழாயில் ரத்தம் நின்றுபோனாலும் பின்பக்கப் பாதை பாட்டுக்கு வேலை செய்யும், அலை அழகாக வந்துகொண்டிருக்கும். எஸ்.எஸ்.இ.பி.யை மட்டும் நம்பியிருந்த காலத்தில், கடைசிவரை அலை நன்றாக இருந்தும் கால் விழுந்துபோய்க் கண் விழித்த நோயாளிகள் உண்டு. 1980இல் இங்கிலாந்தில் மெர்டனும் மார்டனும், மண்டையைத் திறக்காமலே வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்துக் கைத் தசையை அசையவைக்கலாம் என்று காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் எம்.இ.பி. என்ற அசைவுப் பாதைச் சோதனை. உச்சந்தலையில் சில நூறு வோல்ட் துடிப்புகளை வரிசையாகக் கொடுத்தால், கட்டளை தண்டுவடம் வழியே இறங்கி, தொடையிலும் கெண்டைக்காலிலும் பாதத்திலும் செருகிய ஊசிகளில் பதிலாக வரும். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது.

இதை எதற்கு இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், எம்.இ.பி. தானாக ஓடாது. துடிப்பு கொடுக்கும்போது நோயாளியின் உடம்பு சட்டென்று ஒரு குலுக்குக் குலுக்கும். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் கருவியை வைத்துக்கொண்டு மருத்துவர் குனிந்திருக்கும்போது அது நடக்கக் கூடாது. அதனால் 'இப்போது கொடுக்கலாமா?' என்று கேட்டு, அவர் கையை எடுத்ததும்தான் பொத்தானை அழுத்துவேன். தாடை இறுகி நாக்கைக் கடித்துவிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் துணிச்சுருள் வைத்திருக்கிறோமா, அது நகர்ந்துவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். கேட்கவும் அழுத்தவும் ஆள் இல்லாவிட்டால் பதிலும் இல்லை, பதில் இல்லாத இடத்தில் மணி எதைப் பார்த்து அடிக்கும்?

ஓர் அறுவையைப் பற்றிச் சொல்கிறேன். யார், எப்போது என்ற விவரங்களை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகும் வயதுப் பெண். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஸ்க்ரூக்கள் எல்லாம் போட்டு முடிந்து, கம்பியைப் பொருத்தி, வளைவை நிமிர்த்தத் திருப்பியாயிற்று. அரங்கில் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடும் நேரம் அது. கடினமான பகுதி முடிந்துவிட்டது என்ற எண்ணம் வரும்.

கேட்டுக்கொண்டு துடிப்பு கொடுத்தேன். இரண்டு கையிலும் பதில் வந்தது. வலது தொடை, வலது கால், வலது பாதம், எல்லாம் வந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகளுக்கான இரண்டு கோடுகளும் திரையில் தட்டையாகக் கிடந்தன. தொண்டை வறண்டுபோனது. வயரைப் பார்த்தேன், ஊசி கழலவில்லை. வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டி இன்னொரு முறை கொடுத்தேன். அப்போதும் இல்லை.

"சார், இடது காலில் எம்.இ.பி. போய்விட்டது."

"நிச்சயமா?"

"இரண்டு கையும் இருக்கிறது, வலது கால் இருக்கிறது. இடது கால் மட்டும் இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்."

கைகள் இருக்கின்றன என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மயக்க மருந்து கூடியிருந்தால் எல்லாமே சேர்ந்து குறையும். ஒரு கால் மட்டும் போகிறதென்றால் பிரச்சினை தண்டுவடத்தில். தசையைத் தளர்த்தும் மருந்து மிச்சமிருந்தாலும் பதில் வராது. மயக்க மருத்துவர் நான் கேட்பதற்கு முன்பே அதைச் சோதித்து, "நாலு துடிப்பும் வருகிறது, மருந்து மிச்சம் இல்லை" என்றார். சராசரி ரத்த அழுத்தம் 60க்குக் கீழே இருந்தது. ரத்த இழப்பைக் குறைப்பதற்காகத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அதை 85க்கு மேலே ஏற்றத் தொடங்கினார். அறுவை மருத்துவர் கம்பியைத் தளர்த்தினார். அரங்கில் பாட்டை நிறுத்தினார்கள். நான் ஒவ்வொரு நிமிடமும் கேட்டுக் கேட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இல்லை. இல்லை. இல்லை. பதினோராவது நிமிடம் பாதத்துக் கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழுந்தது. அடுத்த தடவை அது இரண்டு பங்கானது. அதற்கடுத்து முழங்காலுக்குக் கீழுள்ள தசையும் வந்துவிட்டது.

முழுவதும் நிமிர்த்த வேண்டாம், கிடைத்தவரை போதும் என்று மருத்துவர் முடிவு செய்தார். அன்று மாலை அந்தப் பெண் இரண்டு காலின் விரல்களையும் மடக்கி நீட்டினாள். முதுகில் இன்னும் கொஞ்சம் வளைவு இருக்கிறது. நடக்கிறாள்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பதினோரு நிமிடமும் இடது காலின் எஸ்.எஸ்.இ.பி. அலை கிட்டத்தட்ட மாறவே இல்லை. தானாக ஓடக்கூடியது அது ஒன்றுதான், அதில் எந்த மாற்றமும் இல்லை. நான் அடுத்த அரங்கில் இருந்திருந்தால் மணி அடித்திருக்காது. கம்பியை இறுக்கி, காயத்தை மூடி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி அந்தப் பெண்ணை வெளியே கொண்டுபோயிருப்பார்கள்.

மணி அடிக்கும் நேரங்களும் உண்டு, அது வேறு கதை. ரத்தக்குழாயைப் பொசுக்கும் காட்டரியை மருத்துவர் எடுத்தாலே திரை முழுக்கக் கிறுக்கலாகிவிடும், மணி அலறும். மயக்க வாயுவைக் கொஞ்சம் கூட்டினால் அலைகள் சுருங்கும், மணி அலறும். யாராவது வயரை மிதித்தால் அலறும். ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனை தடவை பொய்யாக அடிக்கும் என்று செவிலியருக்குத் தெரிய வரும்போது அவர் அதை அமர்த்தி வைத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பஞ்சு எண்ணுகிறார், கருவி எடுத்துக் கொடுக்கிறார், ஏற்ற வேண்டிய ரத்தத்தை வரவழைக்கிறார். பயிற்சி இல்லாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்குவது அவருக்கும் அநியாயம். நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், "மணி அடித்ததே, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்கப்போவது அவரைத்தான்.

இரண்டு அரங்கை ஒருவர் பார்ப்பது எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஒரு நாள் பார்த்திருக்கிறேன். உடன் வேலை செய்பவர் திடீரென்று விடுப்பில் போக, இரண்டு அறுவையும் என் தலையில் விழுந்தது. ஒன்றில் கழுத்துத் தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை எடுக்கிறார்கள், அங்கே நகர முடியவில்லை. இன்னொன்று இடுப்பு, நோயாளி குப்புறப் படுத்திருக்கிறார், எல்லாம் சீராக ஓடுகிறது என்று நம்பி விட்டுவந்தேன். 25 நிமிடம் கழித்துத் திரும்பிப் போனபோது வலது கையின் எஸ்.எஸ்.இ.பி. பாதிக்கும் கீழே போயிருந்தது. மணியை யாரோ அமர்த்தியிருந்தார்கள். இடுப்பு அறுவையில் கை அலை ஏன் குறைகிறது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டியவர்கள் அவர்களும் இல்லை. போர்வையைத் தூக்கிப் பார்த்தால், கைப்பலகை நகர்ந்து தோள் அளவுக்கு மேலே போய், அக்குளில் கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டுக்கொண்டிருந்தது. கையை இறக்கி வைத்தோம். அலை பாதி திரும்பியது. அவருக்கு ஆறு வாரம் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் உணர்ச்சி சரியாக இல்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பிறகு சரியாகிவிட்டது.

நான் அங்கேயே இருந்திருந்தால் இரண்டாவது நிமிடமே கையை நகர்த்தியிருப்பேன். அவரை வார்டில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். நிகழ்வு அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கைக்கும் உங்களிடமிருந்து பதில் வரவில்லை. அன்று அவசரத்துக்குச் செய்த ஒன்றை இப்போது நிரந்தர நடைமுறை ஆக்கியிருக்கிறீர்கள்.

முதல் நாள் எழுத்தில் கேட்டால்தான் கண்காணிப்பு என்ற வரிக்கு வருகிறேன். கேட்க மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? காது நரம்பில் வளரும் கட்டியை எடுக்கும் அறுவையில், முகத்தை அசைக்கும் நரம்பு கட்டியின் மேலே நாடா மாதிரி தட்டையாகி ஒட்டிக் கிடக்கும். மைக்ரோஸ்கோப்பிலும் பல நேரம் பிரித்தறிய முடியாது. கண் இமையிலும் உதட்டோரத்திலும் ஊசி வைத்து, தசையின் மின்னோசையை ஸ்பீக்கரில் விடுவோம். நரம்பைத் தொட்டால் டக்கென்று ஒரு சத்தம். இழுத்தால் படபடவென்று தொடர்ந்து பொரியும். அந்தச் சத்தம் கேட்டதும் மருத்துவரின் கை தானாக நிற்கும். 1898இலேயே ஜெர்மனியில் ஃபெடோர் கிராவுசே இதே பகுதியில் அறுவை செய்தபோது, நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் முகம் துடிப்பதைக் குறித்துவைத்திருக்கிறார். 1991இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் மாநாடு, இந்தக் கட்டி அறுவையில் முகநரம்புக் கண்காணிப்பு இருக்க வேண்டும் என்றே சொல்லிவிட்டது. இதற்கு ஒவ்வொரு தடவையும் மனுப் போட வேண்டும் என்கிறீர்கள். கேட்க மறந்த அன்று, கண்ணை மூட முடியாமலும் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டும் வீட்டுக்குப் போகப்போவது நோயாளிதான்.

கண்காணித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தசைக்குப் பல நரம்பு வேர்களிலிருந்து இணைப்பு வருவதால், ஒற்றை வேர் அடிபட்டால் எம்.இ.பி.யில் தெரியாமல் போகலாம். பொய் எச்சரிக்கை நானும் கொடுத்திருக்கிறேன், அதனால் அறுவை அரை மணி நேரம் நின்றிருக்கிறது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்குக் கண்காணிப்பு, பாதிப்பேருக்கு இல்லை என்று செய்த பெரிய ஆய்வு எங்கே என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கால் போய்விடக்கூடிய அறுவையில் 'உங்களுக்குக் கண்காணிப்பு இல்லை' என்று சீட்டு எடுத்துக் கொடுக்க எந்த மருத்துவர் சம்மதிப்பார்?

இருக்கும் சான்றுகளைப் பாருங்கள். முதுகுத்தண்டு வளைவு மருத்துவர்களின் சங்கத்தில் நடத்திய கணக்கெடுப்பு 1995இல் வெளியானது. கண்காணிப்போடு நடந்த 51,263 அறுவைகள் அதில் இருந்தன. கண்காணிப்பில் அனுபவம் மிகுந்த குழுக்களின் நோயாளிகளுக்கு ஏற்பட்ட நரம்புக் குறைபாடு, அனுபவம் குறைந்த குழுக்களில் ஏற்பட்டதில் பாதிக்கும் குறைவு. அதை நன்றாகப் படியுங்கள். இரண்டு பக்கமும் கருவி இருந்தது. வேறுபாடு பார்த்துக்கொண்டிருந்த ஆட்களில் இருந்தது. 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகமும் மருத்துவ நரம்புடலியங்கியல் சங்கமும் சேர்ந்து, கிடைத்த ஆய்வுகளை எடைபோட்டு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. அவற்றில் தரத்தில் முதல் வகையைச் சேர்ந்த ஆய்வுகளில், கை கால் செயலிழப்பு சிக்னலில் மாற்றம் வந்தவர்களுக்கே ஏற்பட்டது. அவர்களில் 16 முதல் 40 சதவீதம் பேருக்கு. சிக்னல் மாறாத ஒருவருக்கும் ஏற்படவில்லை. அதாவது மாற்றம் வந்ததும் அங்கிருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் அடுத்த அரங்கில் இருந்தால், கருவி வாங்கியதற்கே பொருள் இல்லை.

செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. எல்லா அறுவைக்கும் எல்லாச் சோதனையும் வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. இடுப்பில் ஒரு சின்ன டிஸ்க் துண்டை எடுப்பதற்குத் தலையிலிருந்து கால்வரை ஊசி குத்த வேண்டியதில்லை என்று நானே மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எதில் குறைக்கலாம் என்று எங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்திருப்போம். கேட்காமல், எங்கே குறைக்கவே கூடாதோ அங்கே கை வைத்துவிட்டீர்கள்.

நான் கேட்பது இவைதான்.

ஒரு தொழில்நுட்பருக்கு இரண்டு அரங்கு என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். நோயாளியைக் குப்புறத் திருப்புவதற்கு முன் எடுக்கும் முதல் பதிவிலிருந்து காயம் மூடும்வரை ஓர் அரங்குக்கு ஒருவர் இருக்க வேண்டும். கம்பி பொருத்தி முடிந்த பிறகும் சிக்னல் போனதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் 'முக்கியமான பகுதி முடிந்ததும் போய்விடலாம்' என்ற சமரசமும் வேண்டாம். எட்டு, ஒன்பது மணி நேரம் ஓடும் அறுவைகளில் எங்களை மாற்றிவிட இன்னொருவரைக் கொடுங்கள். சிக்கலான மாற்றம் வந்தால் உடனே பேச, அலைகளைப் படிக்கத் தெரிந்த மருத்துவர் ஒருவர் ஒவ்வொரு அறுவையின்போதும் தொலைபேசியில் கிடைக்கும்படி செய்யுங்கள்.

செவிலியர் மணியைக் கவனிப்பார் என்ற வரியை முழுவதுமாக நீக்கிவிடுங்கள். அதைத் திருத்தி எழுதுவதற்கு எதுவும் இல்லை.

எழுத்தில் கேட்டால் மட்டும் என்பதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதுகுத்தண்டு வளைவைத் திருத்துவது, தண்டுவடத்துக்குள் இருக்கும் கட்டி, தண்டுவடம் நசுங்கிய கழுத்து அறுவை, காது நரம்புக் கட்டி, இந்த நான்குக்கும் கண்காணிப்பு இயல்பாகவே இருக்கட்டும். வேண்டாம் என்று நினைக்கும் மருத்துவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மற்ற அறுவைகளுக்கான பட்டியலை அறுவை மருத்துவர்களும் மயக்க மருத்துவர்களும் நாங்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு மாதத்துக்குள் தயாரித்துத் தருகிறோம்.

சிக்னல் போனால் யார் என்ன செய்ய வேண்டும் என்ற சரிபார்ப்புப் பட்டியல் 2014இலேயே முதுகெலும்பு மருத்துவர்களால் வெளியிடப்பட்டிருக்கிறது. பாட்டை நிறுத்துவதிலிருந்து, ரத்த அழுத்தத்தை ஏற்றுவது, கடைசியாகப் போட்ட ஸ்க்ரூவைப் பார்ப்பது, தேவைப்பட்டால் நோயாளியை எழுப்பிப் பார்ப்பதுவரை அதில் இருக்கிறது. அன்று அந்தப் பெண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக நடந்ததற்குக் காரணம், அரங்கில் இருந்த மூன்று பேரும் அதை மனப்பாடமாக வைத்திருந்ததுதான். எல்லா அணியும் அப்படி இல்லை. பெரிதாக அச்சிட்டு ஒவ்வொரு அரங்கின் சுவரிலும் மாட்டுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வையுங்கள். ஒவ்வொரு எச்சரிக்கையும், அதற்கு என்ன செய்தோம், நோயாளி எப்படிக் கண் விழித்தார் என்பதும் பதிவேட்டில் ஏறட்டும். பொய் எச்சரிக்கைகளும் சேர்த்துத்தான்.

நோயாளிக்கும் உண்மையைச் சொல்லுங்கள். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'நரம்புக் கண்காணிப்பு செய்யப்படும்' என்று இருக்கிறது. அதை வாசித்துக்காட்டும்போது நோயாளியின் முகத்தில் வரும் நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரே இரண்டு அரங்கைப் பார்ப்பார் என்பதை நீங்கள் மாற்றப்போவதில்லை என்றால், அதையும் அந்தப் படிவத்தில் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

ஆறு வாரம் பொத்தான் போட முடியாமல் இருந்தவரைப் பற்றிய என் அறிக்கைக்கும், அதற்குப் பின் அனுப்பிய இரண்டு குறிப்புகளுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரம். அடுத்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை இரண்டு அரங்குகளிலும் ஒரே நேரத்தில் அறுவை குறித்திருக்கிறார்கள். ஒன்று தண்டுவடத்துக்குள் கட்டி, இன்னொன்று காது நரம்புக் கட்டி. இரண்டுக்கும் நேராக என் பெயர் மட்டுமே போட்டிருக்கிறது. நான் எந்த அரங்கில் உட்கார வேண்டும், மற்றதில் யார் உட்காருவார் என்று அதற்கு முந்திய வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அறுவை அரங்கின் நியூரோமானிட்டரிங் தொழில்நுட்பர்